இரண்டு மாதச் சீசன்

திருப்பூர்ப் பக்கத்தில் 'சீசன்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே தனி. மற்ற ஊர்களில் மாம்பழ சீசன் உண்டு, குற்றால சீசன் உண்டு, கல்யாண சீசன் உண்டு. பெருமாநல்லூரில் போய் "சீசன் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆர்டர் வந்திருச்சுங்க, ஒன்றரை ஷிப்ட் ஓடுது" என்பார்கள். அல்லது, "ஒண்ணும் இல்லீங்க, மெஷினெல்லாம் சும்மா கிடக்குது" என்று பெருமூச்சு விடுவார்கள். சீசன் என்றால் வீட்டில் அடுப்பு எரிகிற கணக்கு.

இந்த வாரம் நான் சொல்ல வந்ததும் ஒரு சீசனைப் பற்றித்தான். ஆனால் பனியன் சீசன் அல்ல; பனிக்கட்டிச் சீசன். லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்களே, அந்தச் சீசன்.

"ஐஸ் ஹாக்கியா? நம் வெயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் மிதிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கட்டியைப் பற்றிப் படிப்பது வேடிக்கைதான். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஆட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஹாக்கியில் பந்து. இதில் பந்து கிடையாது. கெட்டி ரப்பரில் செய்த ஒரு வட்டு. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். அது துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதையும் உறைய வைத்துவிடுகிறார்கள்! ஒரு கட்சிக்குக் கோல் காவலரோடு சேர்த்து ஆறு பேர். காலில் கத்தி போன்ற தகடு வைத்த பூட்ஸ். இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள். ஓட்டம் அவ்வளவு வேகமானதால் ஒருவர் தொடர்ந்து ஒரு நிமிஷம் ஆடுவதே அபூர்வம். முக்கால் நிமிஷம் ஆடிவிட்டு மூச்சு வாங்க வெளியே போவார். இன்னொருவர் வேலியைத் தாண்டி உள்ளே குதிப்பார். மேலே போட்டுக்கொள்ளும் சட்டைக்குக் கனடாவில் இன்றைக்கும் 'ஸ்வெட்டர்' என்றே சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் கம்பளி நூலில் பின்னியதுதான் காரணம். இப்போது எல்லாம் பாலியஸ்டர் வலைத்துணி. பின்னலாடைக்காரர்களுக்கு இந்த விவரம் பிடிக்கும் என்று சேர்த்துக்கொண்டேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்களுக்கு இது பெரிய தொழில். அங்குள்ள தேசிய ஹாக்கி லீக் 1917-ல் ஆரம்பித்தது. அக்டோபரில் தொடங்கினால் ஒவ்வொரு கட்சியும் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆட வேண்டும். எல்லாம் ஓய்ந்து கோப்பை கைக்கு வருவதற்குள் ஜூன் பிறந்துவிடும்.

லடாக்கில் சீசன் எவ்வளவு தெரியுமா? டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. நன்றாக இருந்தால் இரண்டு மாதம்.

லே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவே 8,650 அடிதான். மார்கழி, தை மாதங்களில் அங்கே இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கு இறங்குகிறது. குழாயில் தண்ணீர் நின்றுவிடும். பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை. வயல் வேலை கிடையாது. அந்த ஓய்வுக் காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்துக்கொண்ட பொழுதுபோக்குதான் பனிச்சறுக்கு. லேயில் கர்சூ என்று ஒரு குளம் இருக்கிறது; குளிர்காலத்தில் அதுதான் மைதானம். கிராமங்களில் குளம் இல்லாவிட்டால் சமமான தரையில் பாத்தி கட்டி, ராத்திரியில் தண்ணீரை ஊற்றி விடுகிறார்கள். விடியும்போது அது கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். ஆடி ஆடிக் கீறல் விழுந்தால் துடைப்பத்தால் பெருக்கி, மறுபடி இரவில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாசல் தெளித்துப் பெருக்குகிற வேலையேதான். குளிர் மட்டும் வேறு.

ஹாக்கிக் கம்பை அங்கே பழக்கியவர்கள் ராணுவச் சிப்பாய்கள். பட்டாளத்துப் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடிய காலம் ஒன்று உண்டு. பையன்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துத் தங்கைகளுக்கும் ஆசை வந்தது. இங்கேதான் நமக்குப் பழக்கமான கதை ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு மைதானம் எப்போது கிடைக்கும்? ஆண்கள் ஆடி முடித்த பிறகு. பூட்ஸ்? அண்ணனுக்குச் சிறியதாகிப் போனது. மார்க்கவசம், முழங்கால் கவசம்? இரவல். ஆண்களின் அளவுக்குச் செய்த கவசத்தைப் பெண்கள் மாட்டிக்கொண்டால் அது பாட்டுக்கு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பாதம் பூட்ஸுக்குள் நிற்கக் கூடுதலாகக் காலுறை போட்டுக்கொண்டு ஆடினார்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பழகிய நமக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

2016-ல் இந்தியாவுக்கென்று ஒரு பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி முதல் முறையாக வெளிதேசப் போட்டிக்குப் போயிற்று. தைவான் நாட்டின் தைபே நகரத்தில் ஆசியக் கோப்பைப் போட்டி. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். விமான டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. பொது ஜனங்களிடம் கை நீட்டி நிதி சேர்த்துத்தான் புறப்பட்டார்கள். குளத்திலேயே ஆடிப் பழகியவர்களுக்குக் கூரை போட்ட, மெஷினால் உறைய வைத்த தளமே புதிசு. ஒரு ஜயம்கூட இல்லாமல் திரும்பினார்கள்.

அடுத்த வருஷம், 2017-ல், பாங்காக். அங்கே பிலிப்பைன்ஸ் அணியை 4-க்கு 3 என்று ஜயித்தார்கள். இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அதுதான். அதோடு விடவில்லை, மலேசியாவையும் 5-க்கு 4 என்று முறியடித்தார்கள். இரண்டு ஆட்டங்களிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல். பார்த்தவர்களுக்கு எப்படி நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பெண்களைப் பற்றிய செய்தி கனடாவில் ஹேலி விக்கன்ஹைசர் என்ற அம்மாள் காதுக்கு எட்டியது. சாமான்யப்பட்டவர் அல்ல. நாலு ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வாங்கியவர். பின்னால் படித்து டாக்டரும் ஆனார். 2018 ஜனவரியில் அவர் மூட்டை மூட்டையாகச் சாமான்களைச் சுமந்துகொண்டு லேக்கே வந்துவிட்டார். வந்து ஆசி வழங்கிவிட்டுப் போகவில்லை. கூடவே இறங்கி ஆடினார், சொல்லிக் கொடுத்தார். அதே வருஷம் நவம்பரில் லடாக் பெண்கள் கனடாவின் கால்கரி நகரத்துக்குப் போய் அவர் நடத்தும் விழாவில் ஆடிவிட்டு வந்தார்கள்.

இந்தக் கதையைப் பெருமாநல்லூரில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, செக்கிங் வேலை பார்க்கிறவர், ஒரு கட்டு பனியனை மடியில் வைத்து டேமேஜ் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"அதெல்லாஞ் செரி கண்ணு. அந்தப் புள்ளைகளுக்குச் சம்பளம் எத்தனை?"

"சம்பளமா? சம்பளம் எல்லாம் கிடையாது அக்கா."

"ரெண்டு மாசம் ஆடறாங்கங்கிறே. மீதிப் பத்து மாசம் என்ன பண்ணுவாங்க?"

பத்திரிகைக்காரர்கள் எத்தனையோ பேர் லேக்குப் போய் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விதான் அசல் கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

பத்து மாதம் என்ன செய்கிறார்கள்? படிக்கிறார்கள். வயலுக்குப் போகிறார்கள். வேலை பார்க்கிறார்கள். இந்திய அணியின் கோல் காவலராக இருந்த நூர் ஜஹான் என்ற பெண்மணியின் வேலை அபூர்வமானது. சிதிலமான பழைய சித்திரங்களை, கோயில் சுவர் ஓவியங்களை, துணியில் எழுதிய தங்காப் படங்களைச் செப்பனிடுகிற கலை படித்தவர் அவர். தம் ஒன்றுவிட்ட சகோதரியோடு சேர்ந்து அதற்காகவே லேயில் ஒரு நிலையம் நடத்துகிறார். நூற்றாண்டுகளுக்கு முந்திய வர்ணத்தை மெல்லிய தூரிகையால் தொட்டுத் துடைக்கிற அதே கை, குளிர்காலத்தில் கனமான கையுறைக்குள் புகுந்து, பறந்து வருகிற ரப்பர் வட்டைத் தடுக்கிறது. முஸ்லிம் பெண் அவர். புத்த மடாலயங்களின் ஓவியங்களைக் காப்பாற்றுகிறார். லடாக்கில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லையாம்.

வேறு சிலருக்கு இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. அந்தப் படைக்கென்று பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியே உண்டு. விளையாட்டுக்காக வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். 2020-ல் ஆரம்பித்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளில் அந்த அணி பலமானது. பெண்ணை ஐஸ் ஹாக்கிக்கு அனுப்ப யோசிக்கிற தகப்பனாருக்குப் பதக்கத்தைவிட இந்தச் சம்பளச் சீட்டுதான் பதில் சொல்லும்.

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஐஸ் ஹாக்கிக்குத் தாய்வீடான கனடாவிலேயே பெண்கள் நிலைமை வெகு நாள் இதுதான். அங்கே 2007-ல் ஏற்பட்ட பெண்கள் லீகில் பத்து வருஷம் சம்பளமே கிடையாது. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்கள் பகலில் ஏதாவது வேலை பார்த்துவிட்டு இரவில் பயிற்சிக்குப் போனார்கள். 2017-ல் ஏதோ கைச்செலவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019-ல் லீகையே மூடிவிட்டார்கள். முழுச் சம்பளத்தோடு, ஒப்பந்தத்தோடு, பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் சேர்த்து ஆரம்பித்தது 2024 ஜனவரி 1-ஆம் தேதிதான். ஆறு அணிகள். முதல் சீசனில் அணிகளுக்குப் பெயர் வைக்கக்கூட அவகாசம் இல்லை. சட்டையில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு ஆடினார்கள். குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 35,000 டாலர். அவர்கள் ஊர் விலைவாசிக்கு அது சொற்பம். இருந்தாலும் ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம்.

அந்த முதல் சீசனில் மின்னசோட்டா அணி பட்ட பாட்டைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சீசன் ஆரம்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது பயிற்சியாளர் விலகிவிட்டார். அவசரமாகக் கென் க்ளீ என்பவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அணித் தலைவி கெண்டால் கோய்ன் ஸ்கோஃபீல்டுக்குக் கைக்குழந்தை, ஆறு மாதம். குழந்தையை வைத்துக்கொண்டே சீசன் முழுவதும் ஆடினார். அணியும் முதலில் நன்றாகத்தான் ஆடியது. கடைசியில் வரிசையாக ஐந்து தோல்வி! நாலாவது இடத்தைப் பிடித்து எப்படியோ தொற்றிக்கொண்டு அரையிறுதிக்குள் வந்தார்கள். அந்த லீகில் ஒரு விசித்திரமான சட்டம்: முதலிடம் பெற்ற அணி தன் எதிராளியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முதலிடம் டொராண்டோவுக்கு. யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்? சோர்ந்து போயிருக்கிற மின்னசோட்டாவைத்தானே? தேர்ந்தெடுத்தார்கள். முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜயித்தும் விட்டார்கள். இன்னும் ஒன்று ஜயித்தால் போதும்.

அந்த ஒன்று கிடைக்கவே இல்லை. மின்னசோட்டா மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து ஜயித்து டொராண்டோவை வீட்டுக்கு அனுப்பியது. 'இளைத்தவள்' என்று பார்த்துப் பெண் எடுத்த மாமியார் கதை மாதிரி ஆயிற்று!

இறுதிப் போட்டி பாஸ்டன் அணியோடு. நாலாவது ஆட்டத்தில் ஜயித்தால் கோப்பை. இரு பக்கமும் கோல் இல்லை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள், இன்னும் கூடுதல் நேரம். அப்போது மின்னசோட்டாக்காரர்கள் கோல் போட்டுவிட்டார்கள். கையுறைகளை ஆகாயத்தில் வீசினார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். நடுவர்கள் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கோல் காவலரை இடித்தீர்கள், செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். வீசிய கையுறைகளைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு ஆட வந்தார்கள். சற்று நேரத்தில் பாஸ்டன் கோல் போட்டது. ஆட்டம் போயிற்று.

ஐந்தாவது ஆட்டம் மூன்று நாள் கழித்து, மே 29-ஆம் தேதி, எதிராளியின் மண்ணில். அந்த மூன்று ராத்திரியும் அவர்கள் தூங்கினார்களோ என்னவோ. 3-க்குப் பூஜ்யம் என்று ஜயித்து வால்டர் கோப்பையைத் தூக்கினார்கள். அடுத்த வருஷம், 2025-லும் கோப்பை அவர்களுக்கே. அதற்குள் ஊர்ப் பெயரோடு 'ஃப்ராஸ்ட்' என்று ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. உறைபனி என்று அர்த்தம். அந்த லீகும் வளர்ந்து, 2025 நவம்பரில் ஆரம்பித்த சீசனில் எட்டு அணிகளாயிற்று. மான்ட்ரியலில் 2024 ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு 21,105 பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்களாம். பெண்கள் ஆட்டத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்களோ!

மறுபடி நம் பெண்களிடம் வருகிறேன். அவர்களுடைய பெரிய தட்டுப்பாடு பணம் மட்டும் அல்ல, பனிக்கட்டி. குளம் உறைந்தால்தான் ஆட்டம். வருஷம் பூராவும் பழக வேண்டுமானால் மெஷினால் உறைய வைக்கிற தளம் வேண்டும். 2011-ல் தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காக டேராடூனில் அப்படி ஒன்று பிரமாதமாகக் கட்டினார்கள். போட்டி முடிந்தது, பிறகு பல வருஷம் பூட்டியே கிடந்தது. கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் பராமரிப்பதற்குக் கிடைப்பதில்லை. குளிர் மெஷின் ஓட்ட மின்சாரம் வேண்டுமே? மின்சாரக் கட்டணம் என்றால் என்ன என்று பெருமாநல்லூரைவிட யாருக்குத் தெரியும்? யூனிட்டுக்கு ஒரு பைசா விவகாரத்துக்காக 1970 ஜூனில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்த ஊர் அல்லவா அது? டேராடூன் தளத்தை ஒருவழியாக 2025-ல் பழுது பார்த்துத் திறந்திருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸ் தேசத்தைப் பாருங்கள். நம்மைப் போலவே புழுக்கமான நாடு. அங்கே பனி ஏது? ஆனால் பெரிய கடைத்தொகுதிகளுக்குள் பனித்தளம் வைத்திருக்கிறார்கள். அம்மா சாமான் வாங்குவாள். பெண் ஒரு மணி நேரம் சறுக்கிவிட்டு வருவாள். அப்படி வளர்ந்த ஆட்டம் அது. 2017-ல் நம்மவர்களிடம் தோற்ற அதே பிலிப்பைன்ஸ்தான் 2025 ஆசியக் கோப்பையில் தங்கம் வாங்கியது.

அந்தப் போட்டியில் நமக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. ஐக்கிய அரபு நாட்டில் அல் ஐன் என்ற பாலைவன நகரத்தில் போட்டி. வெளியே கொளுத்துகிற கோடை, உள்ளே பனித்தளம். 2025 ஜூனில் அங்கே இந்தியப் பெண்கள் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். பெண்கள் ஐஸ் ஹாக்கியில் இந்தியாவுக்கு இதுவே முதல் பதக்கம். தைபேயிலிருந்து வெறுங்கையோடு திரும்பி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

லேயிலும் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 2024 ஜனவரியில் அங்கே ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவுக்கும் லீக் போட்டி ஒன்று தொடங்கியது. அதற்குப் பணம் போட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் கம்பெனியார். 1955-லிருந்து நம் திருவொற்றியூரில் 'புல்லட்' செய்தவர்கள். லடாக் மலைப்பாதையில் அந்த வண்டியில் போகாத வாலிபர் இல்லை என்பதால் அவர்களுக்கு அந்த ஊர்மேல் பற்று. எப்படியோ, சென்னைக் கம்பெனியின் பணம் லேயின் பனிமேல் ஓடுகிறது என்றால் நமக்கும் கொஞ்சம் பெருமைதானே?

ஒரு விஷயம் மட்டும் கவலை தருகிறது. குளிர் முன்னைப் போல இல்லை என்கிறார்கள் லடாக் மக்கள். பனி தாமதமாகக் கெட்டிப்படுகிறது, சீக்கிரம் இளகிவிடுகிறது. வெயில் ஏறினால் மேலே தண்ணீர் நிற்கிறது. அதனால் ஆட்டங்களை விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதச் சீசன் ஒன்றரை மாதமானால், ஆண்கள் ஆடி முடித்த பிறகு பெண்களுக்கு என்ன மிஞ்சும்? மெஷின் தளம் வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்பது இதனால்தான். கூரை போட்ட தளம் ஒன்று லேயில் வருஷம் முழுக்க ஓடினால் பத்து மாதக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி சம்பளம். அதற்கு மின்னசோட்டாக்காரர்களே 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.